வேர் நீர் அருந்தும் விதம்

உலர்ந்த திராட்சையை இரவில் நீரில் இட்டு வைத்தால், காலையில் அது பருத்திருக்கக் காண்கிறோம். நறுக்கிய மாங்காயின் மீது உப்பைத் தூவி வைத்தாலோ, துண்டுகள் நீரை விட்டுச் சுருங்குகின்றன. நம் சமையலறையில் நிகழும் இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. ‘சவ்வூடு பரவல்’ என்பது அதன் பெயர்.

உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அது நீருக்கு எளிதில் வழிவிடும். உப்பு, சர்க்கரை முதலியவற்றுக்கு அவ்வாறு வழிவிடாது. ஆகவே, கரைபொருள் மிகுந்துள்ள பக்கம் நோக்கி நீர் நகர்கிறது. சவ்வில் நீருக்கென்றே நுண்ணிய வாயில்களும் உள்ளன. அவ்வாயில்களாக அமைந்த புரதத்தை 1992-ஆம் ஆண்டு இரத்தச் சிவப்பணுவில் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே, 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். அத்தகைய வாயில்கள் வேரிலும் உள்ளன.

வேரின் நுனியை அடுத்து, பஞ்சிழை போன்ற வேர்த்தூவிகள் முளைத்திருக்கும். நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ‘ரை’ என்னும் தானியச் செடியில் ஏறத்தாழ 1,400 கோடி வேர்த்தூவிகள் இருந்ததாக 1937-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மண்ணிலுள்ள நீரைவிடத் தூவியின் உட்சாறு அடர்த்தி மிக்கது. எனவே நீர் உள்ளே புகுகிறது.

புகுந்த நீர், உயிரணுக்களின் ஊடாகவும் அவற்றின் சுவர்களின் வழியாகவும் வேரின் நடுப்பகுதி நோக்கிச் செல்கிறது. அங்கே ‘அகத்தோல்’ என்னும் அடுக்கு காவல் நிற்கிறது. அதன் உயிரணுச் சுவர்களில் நீர் புகாத பட்டை ஒன்று உண்டு. சுவர்வழியே வந்த நீரும் இங்கே சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். வேண்டாத உப்புகளிற் பல இவ்விடத்தில் தடுக்கப்படுகின்றன.

அப்பால் இருப்பவை சைலக் குழாய்கள். செடிக்கு இதயம் இல்லையே, நீர் எவ்வாறு மேலேறுகிறது? இலைகளிலிருந்து நீர் ஆவியாகுந்தோறும், ஒன்றையொன்று பற்றி நிற்கும் நீரின் மூலக்கூறுகள் கீழிருந்து மேலே இழுக்கப்படுகின்றன. டிக்சன், ஜோலி என்னும் அறிஞர்கள் 1894-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர்.

இனி, மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால் என்ன நேரும்? மண் நீரைத் தன்னிடமே இறுத்திக் கொள்ளும். மிகவும் மிகுந்தால், வேரிலுள்ள நீரும் வெளியேறும். ஈரத்தின் நடுவே நின்றும் செடி தாகத்தால் வாடும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த நாகப்பட்டினம் வட்டார வயல்கள் இவ்வாறுதான் பாழாயின. வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்த பின்னரே பல வயல்கள் மீண்டும் பயிரைத் தாங்கின.

இல்லத்தில் தொட்டிச் செடி வளர்க்கும் சகோதரிகள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். விரைவில் பூக்கட்டும் என்று இரசாயன உரத்தை அள்ளிப் போட்டால் இலையின் ஓரம் கருகும். உரமும் ஓர் உப்பே அன்றோ! உப்பிட்டு வேகவைத்த நீரையும் செடிக்கு ஊற்றலாகாது. உரம் மிகுந்துவிட்டதெனில், அடித்துளை வழியே வழிந்தோடும் வரை நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி வடியவிடுக. ஆயினும் தொட்டியில் நீர் தேங்கி நிற்கலாகாது. காற்றின்றி வேர் மூச்சுத் திணறினால், அதன் நீர் வாயில்களும் அடைபடும்.