காக்காவையும் எழுதுங்கள்

‘கும்மிடிப்பூண்டியில பார்க்க என்ன பறவை இருக்கு?’ ஊர்ப் பெயரைச் சொன்னதும் பறவை ஆர்வலர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக் கார்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகின்றன. பூநாரைக்குச் சூலூர்ப்பேட்டைப் பக்கம், கூழைக்கடாவுக்கு நேலப்பட்டு. நடுவில் இருக்கும் கும்மிடிப்பூண்டி ஒரு டீக்கு நிறுத்துகிற இடம். சிப்காட் புகைபோக்கிகளைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, இங்கே எதுவும் இருக்காது என்று முடிவுகட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கு நேர் எதிரான கருத்து. பழவேற்காட்டுப் பூநாரையை எண்ண ஆட்கள் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டு முருங்கை மரத்துக்கு வருஷம் முழுக்க எது வந்தது, எது வரவில்லை என்று எழுதத்தான் ஆள் வேண்டும். அந்தப் பட்டியலை வெட்டிவேலை என்று சிரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நடத்துபவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை.

ஸ்கோர்க்காரர்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டுத் தோட்டத்து ஆண்டுப் பட்டியல் என்பது எளிமையான விளையாட்டு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, உங்கள் வீட்டு எல்லைக்குள் நின்று கண்ணால் பார்த்த, காதால் கேட்ட பறவை இனங்களை எழுத வேண்டும். மேலே பறந்து போவதும் சேர்த்தி. ஜனவரி 1 காலையிலேயே காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிடும். பிறகு டிசம்பர் வரை அவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அக்டோபரில் ஆறுமணிக்குருவி ஒன்று வழிதவறி வந்து இறங்கினால் அன்றைக்குக் கொண்டாட்டம். போன வருஷத்தைவிட ரெண்டு கூட, அவ்வளவுதான் கணக்கு.

யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் மரத்துக்கு நாற்பது மைனா வந்து, டிசம்பரில் நாலு வந்தாலும் இந்தப் பட்டியலில் மைனா ஒன்றுதான். ஒரு பறவை முழுசாக மறைந்துபோன அடுத்த வருஷம்தான் பட்டியலுக்கே விஷயம் தெரியும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கையோடு எழுதுங்கள் என்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், அதே இடம், அதே நேரம், பதினைந்து நிமிஷம். பார்த்த எல்லாவற்றையும், காக்கா உட்பட, எத்தனை என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதினால்தான் எழுதப்படாத பறவைக்கு அர்த்தம் வரும். அன்றைக்குச் சிட்டுக்குருவி பட்டியலில் இல்லையென்றால், அது வரவில்லை என்று நம்பலாம்.

சிட்டுக்குருவியைச் சொன்னதும் செல்போன் டவர் ஞாபகம் வந்திருக்குமே? 2018-இல் வந்த ‘2.0’ படம் அந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோனது. அதற்கு முன்னாலும் வாட்ஸப்பில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை என்ன சொன்னது? பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சின்ன வயசில் பார்த்த குருவி இப்போது இல்லை என்கிற ஏக்கம் நிஜமானது. ஆனால் ஏக்கத்துக்குத் தேதி கிடையாது, எண் கிடையாது. அது யார் சொல்கிற கதையையும் நம்பிவிடும்.

2023-இல் அடுத்த அறிக்கை வந்தது. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்கள் உயர் முன்னுரிமைக் கவனம் பெற வேண்டியவை என்றது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் போட்ட சுமார் 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. பெரும்பாலும் உங்களையும் என்னையும் போலச் சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கிறவர்கள். ‘அமெச்சூர் பட்டியலை எவன் மதிப்பான்?’ என்பவர்களுக்கு அந்த அறிக்கையே பதில். அடையாளம் தெரியாததை ‘ஏதோ ஒரு கதிர்க்குருவி’ என்று நேர்மையாக எழுதினால் போதும்.

அந்த அறிக்கை கவலையோடு குறிப்பிட்ட பறவைகளில் பனங்காடையும் ஒன்று. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலத்தை விசிறுகிற பறவை. பேரிலேயே பனை இருக்கிறது. பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு வைக்கும். மனை போடுவதற்குப் பட்ட பனையைச் சாய்க்கும்போது யாரும் வருத்தப்படுவதில்லை, செத்த மரம்தானே. உங்கள் மாடியிலிருந்து தெரிகிற கம்பியில் இந்த வருஷம் எத்தனை வாரம் பனங்காடை உட்கார்ந்தது என்பது ஸ்கோரில் ஒரு டிக்தான். எண்ணிக்கையோடு எழுதிய நோட்டில் அது ஒரு செய்தி.

அந்தச் செய்தி யாருக்கு வேண்டும்? இங்கேதான் விஷயம் பொழுதுபோக்கைத் தாண்டுகிறது.

2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் பெரிய தொழில் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதற்கான அடிப்படைத் தகவலை வழக்கமாக ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், பத்து கிலோமீட்டர் சுற்றளவில் திரட்டுகிறார்கள். பெரும்பாலும் மழைக்காலத்தைத் தவிர்த்த பருவம். நம் கடற்கரைக்கு மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும், ஏரி நிரம்புவதும் அப்போதுதான். மார்ச் முதல் மே வரை ஆய்வு செய்தால் காய்ந்த ஏரியும் கிளம்பிப் போகிற பறவைகளும்தான் கணக்கில் வரும். பொய் எதுவும் எழுத வேண்டாம், மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

பிறகு பொதுக் கருத்துக் கேட்பில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, ‘முன்னாடி நிறைய பறவை வரும் சார்’ என்பார். எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை? பதில் இருக்காது. அச்சடித்த அறிக்கைக்கு முன்னால் அவருடைய எழுபது வருஷ அனுபவம் ‘கவலை தெரிவித்தார்’ என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த நிலத்தைச் சிப்காட்டுக்கு விடமாட்டோம் என்று மக்கள் போராடினார்கள். இன்று அங்கே தொழிற்பூங்கா இருக்கிறது. ஒரு வீட்டில் இருபது வருஷத்து நோட்டு இருந்திருந்தால் அது நின்றிருக்குமா? நிற்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போனது என்ன என்றாவது கணக்குச் சொல்ல முடிந்திருக்கும்.

‘சோத்துக்கே ஓடுற ஊர்ல தோட்டம் யாருக்கு இருக்கு?’ நியாயமான கேள்வி. ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்து அகதிக் குடும்பத்துக்கும் கொல்லைப்புறம் கிடையாது. ஆனால் பட்டியலுக்குப் பட்டா கேட்பதில்லை. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, ஷிஃப்டு பஸ்ஸுக்கு நிற்கிற வேப்பமரத்தடி, ஏதாவது மாறாத ஓர் இடம் போதும். வசதியானவர்கள் மட்டும் எழுதினால் வசதியான தெருக்களில் மட்டும்தான் பறவை இருப்பதாக வரைபடம் காட்டும். பதிவே இல்லாத இடம் பறவையே இல்லாத இடமாகத் தோன்றும். அப்படித் தோன்றும் இடத்தில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

இன்னொன்று. நோட்டு நம் கட்சிக்காரன் கிடையாது. அதே 2023 அறிக்கையில் குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன. சிப்காட் பக்கத்திலேயே மைனா கூடினால் கூடியது என்றுதான் எழுத வேண்டும். நமக்குப் பிடிக்காத எண்ணையும் எழுதியிருந்தால்தான் பிடித்த எண்ணை மற்றவர்கள் நம்புவார்கள்.

மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். காட்டு யானையைப் பார்த்த அதே கவனத்தோடு வீட்டுப் பக்கத்துக் காக்காவையும் அணிலையும் பார்த்தார். நமக்கு அவர் நடை வராது, பரவாயில்லை. தேதியும் எண்ணும் போட யாருக்கும் வரும்.

2015-இலிருந்து பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் சேருங்கள். ஆனால் நாலு நாளோடு நிறுத்தாதீர்கள். தை முடிந்து, வெயில் ஏறி, பார்க்கச் சுவாரசியமாக எதுவுமே வராத மே மாதத்து வாரங்களில் எழுதுங்கள். காக்கா ஏழு, மைனா மூன்று, வேறொன்றும் இல்லை என்று எழுதி, தேதி போட்டு வையுங்கள். அடுத்த கருத்துக் கேட்புக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.