புதிர்ப் போட்டியும் தோழமையும்

புதிர் தமிழர்க்குப் புதியதன்று. 'பிசி' என்னும் பெயரால் அதனைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். திண்ணையிலும் வயல்வெளியிலும் வழங்கிய விடுகதைகள் அம்மரபின் வழி வந்தவை. இசுலாமியத் தமிழ் இலக்கியமோ 'மசலா' என்றொரு தனி இலக்கிய வகையையே நமக்கு ஈந்தது. வினா என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' அவ்வகையில் பெயர் பெற்றது. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. வினவ ஒருவர் வேண்டும். விடை பகர மற்றொருவர் வேண்டும். தமக்குத் தாமே விடுகதை போட்டுக்கொள்வார் எவருமிலர். ஆகவே, புதிர் என்பது இருவரை ஓரிடத்தில் அமர்த்தும் கலை எனல் பொருந்தும்.

அத்தகைய கலை இன்று நம் கல்லூரி விழாக்களில் என்ன நிலையில் உள்ளது என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நிகழ்ந்த குழுப் புதிர்ப் போட்டிக்கு நாம் நடுவராகச் சென்றிருந்தோம். ஐவர் கொண்ட அணிகள். அணிக்கு ஒரு வினாத்தாள். காலம் ஒரு மணி நேரம். முதற்பரிசு பெற்ற அணியில் சிற்றூரிலிருந்து வந்து முதலாண்டு பயிலும் மாணவி ஒருவர் இருந்தார். சான்றிதழை வழங்கி, "மகிழ்ச்சிதானே, அம்மா?" என வினவினோம். "வினாத்தாளை நான் பார்க்கவே இல்லை, ஐயா. ஓரத்தில் இருந்தேன். எட்டிப் பார்த்தபோது எழுதுகிறவர் கை மறைத்தது" என்றார். அவர் குரலில் வருத்தமில்லை. அது இயல்பே என்னும் அமைதிதான் இருந்தது. அந்த அமைதியே நம்மைச் சுட்டது. ஒரு மணி நேரம் அவர் முன்னே நடந்தும் நாம் அதனைக் கண்டிலோம், கடிகாரத்தையே நோக்கியிருந்தோம்.

இது எவர் குற்றம்? எழுதிய மாணவர் குற்றமன்று. விரைவுக்கே பரிசு என்றால் விரைந்து எழுதுவார் கையில்தான் தாள் சேரும். குற்றம் போட்டியின் அமைப்பில் உள்ளது. அமைப்பை மாற்றினால் பழக்கமும் மாறும்.

முதலாவது, அணி சிறிதாகவும் தாள் பலவாகவும் இருத்தல் வேண்டும். 1992இல் நியூயார்க்கில் தொடங்கி, 2017இல் நம் அண்டை நகராகிய பெங்களூரிலும் நடந்த உலகப் புதிர்ப் போட்டியில் ஒரு நாட்டின் அணிக்கு நால்வரே. நால்வர் ஒரு மேசையைச் சுற்றி முகம் பார்த்து அமரலாம். நீண்ட பெஞ்சில் வரிசையாக அமரும் ஐவருள் ஓரத்தில் இருப்பவர் எப்போதும் அயலாரே. ஒவ்வொருவர் கையிலும் ஒரு படி கொடுத்தால் ஆகும் செலவு சில உரூபாய்களே.

இரண்டாவது, ஒருவரால் மட்டும் முடிக்க இயலாதவாறு புதிர்களைக் கோத்தல் வேண்டும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1981இல் தொடங்கி ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நடைபெறும் புதிர் வேட்டை இதற்குத் தக்க சான்று. முதலாண்டில் ஒரே தாளில் பன்னிரண்டு சிறு புதிர்கள் இருந்தன. அவற்றின் விடைகளை ஒருங்கு சேர்த்தாலன்றி, வளாகத்தில் மறைக்கப்பட்ட நாணயத்தின் இடம் புலப்படாது. ஒருவர் கணக்கிலும், ஒருவர் பழமொழியிலும், ஒருவர் சமையற்கட்டு அறிவிலும் வல்லவராக இருப்பர். அத்தனை வகைப் புதிர்களையும் ஒருங்கே வைத்து, இறுதி விடைக்கு எல்லாம் வேண்டும் என்றால், பேசாதிருப்பாரையும் அணியே பேச வைக்கும்.

மூன்றாவது, அணிகள் ஒன்றோடொன்று கலத்தல் வேண்டும். மேற்சொன்ன வேட்டையில், ஒவ்வோர் அணியும் சிலரை அனுப்ப, பிற அணியினரோடு சேர்ந்து செயலாற்றும் நிகழ்ச்சிகளும் உண்டு. கொரோனா காரணமாக 2021இல் அது கணினி வழியே நடந்தபோது, அமைப்பாளர்கள் வளாகத்தையே திரையில் உருவாக்கி, பங்கேற்போர் அதில் உலவி ஒருவரையொருவர் சந்திக்க வழி செய்தனர். கூட இயலாத காலத்திலும் கூடுதலை அவர்கள் கைவிடவில்லை. நாமோ ஒரே மண்டபத்தில் இருந்தும் துறைக்கொரு தீவாய் அமர்கிறோம். இருவர் தாமே சேர்ந்து வரட்டும். மற்ற இருவரைக் குலுக்கல் முறையில் வேறு துறையிலிருந்து சேர்ப்போம். துணையோடு வருவதால் அச்சமில்லை; புதியவரோடு அமர்வதால் நட்பு வளரும்.

நான்காவது, முடிவு அறிவித்ததும் கலைந்துவிடுதல் ஆகாது. நான்கரை மணிப் பேருந்துக்கு ஓடுவோர் பலர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் போட்டியை அரைமணி முன்னதாக முடித்து, தேநீரோடு ஒரு விடையரங்கு நிகழ்த்தலாம். ஒவ்வொரு புதிரையும் விடுவித்தவரே எழுந்து வழியை விளக்கட்டும். தோற்ற அணியிலும் ஒரு புதிரை மிக அழகாக விடுவித்தவர் இருப்பார். அவர் பேச அவை கேட்கட்டும். பரிசு அதன் பின்னர் வழங்கப்படட்டும்.

"போட்டி என்பது கூர்மையைச் சோதிப்பது, அதில் தோழமையைக் கலந்தால் தரம் தாழும்" என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. தனித்திறன் காணத் தனிப்போட்டி இருக்கட்டும். அதன் கடுமையை நாம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'குழு' என்று பெயரிட்டுவிட்டு, ஒருவர் திறனுக்கு நால்வர் சாட்சி நிற்பது தரமாகாது. எல்லோர் அறிவும் தேவைப்படும் புதிரை இயற்றுவது எளிய புதிரை இயற்றுவதினும் கடினம். எனவே தரம் உயருமேயன்றித் தாழாது.

பட்டம் பெற்றுச் செல்வோர் நாளை அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஊர்ப் பொதுப்பணியிலும் முன்பின் அறியாதவரோடு அமர்ந்து சிக்கல்களை அவிழ்க்க வேண்டியவர்கள். அதற்கான முதற்பயிற்சியை விளையாட்டாகவே அளிக்கும் வாய்ப்பு நம் கையில் உள்ளது. எதிர்வரும் விழாவிலேயே இதனைத் தொடங்குவோம். பரிசளிக்கும் பெரியோர்களும் வென்றவர் யாவர் என்பதோடு, அனைவர் கையிலும் தாள் இருந்ததா எனவும் ஒரு சொல் கேட்டருள்க. நடுவராக அமரும் நாம் கடிகாரத்தைச் சற்று மறந்து, பெஞ்சின் ஓரத்தை நோக்குவோம்.