ஐந்து வினாக்குறிகள்

ஊர் நூலகமொன்றின் பொத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிய இளைஞரொருவர், திரையைக் காட்டி, "ஐயா, தமிழைக் கணினி ஏற்கவில்லை" என்றார். தலைப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வினாக்குறிகள். 'தமிழ்' என்னும் சொல்லிருந்த இடத்தில் ஐந்து! நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. ஐந்தும் அழிந்திருந்தன.

ஏற்காதது கணினியன்று. எட்கர் காட் 1970-இல் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டில் எம்மொழிக்கும் தடையில்லை. செய்நிரலைத் தரவுத்தளத்தோடு பிணைக்கும் வரியில் வழங்கியின் பெயர், தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய நான்கையும் தவறாது எழுதும் நம்மவர், எழுத்துமுறை இன்னதென்பதை மட்டும் எழுதாது விடுகின்றனர். விட்ட இடத்தை, பிறர் முன்பே அமைத்து வைத்த இயல்பமைப்பு நிரப்பிக் கொள்கின்றது.

அவ்வமைப்பு யாருடையது? மைஎசுகியூஎல் சுவீடனில் பிறந்தது. 2018-இல் எட்டாம் பதிப்பு வெளிவரும்வரை, அதன் இயல்பான எழுத்துமுறை இலத்தீன்-1; அடுக்குமுறை சுவீடிய அகரவரிசை! அவர்களை யாம் பழிக்கவில்லை. தம் மொழிக்குத் தாமே இடம் வகுத்துக் கொண்டனர். நமக்கு வேண்டியதோ ஒரேயொரு குறிப்பு; அதனையும் எழுத மறந்தவர் நாமே.

மறதியின் விளைவு இருவகை. இணைப்பிலுள்ள இயக்கி எழுத்தை இலத்தீனுக்கு மாற்றி அனுப்புமாயின், அங்கு இடம்பெறாத தமிழ்க்குறி ஒவ்வொன்றும் வினாக்குறியாகிவிடும். அதிலிருந்து மூலத்தை மீட்க எவராலும் இயலாது. மாற்றாமல் யூ.டி.எஃப்.-8 பைட்டுகளை அப்படியே அனுப்பினால், தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு என்பதால், 'தமிழ்' பதினைந்து இலத்தீன் குறிகளாகச் சிதறும். இது பார்வைக்குக் கொடிதேனும் பைட்டுகள் அழியவில்லை, முயன்றால் மீட்கலாம்.

எழுத்துமுறையைக் குறித்துவிட்டாலும் அடுக்குமுறையைத் தனியே கவனிக்க வேண்டும். ஒருங்குறியின் எண்வரிசைப்படி அடுக்கினால், தமிழ் நெடுங்கணக்கின் ஈற்றெழுத்தாகிய னகரம் நகரத்தை ஒட்டி வந்து நிற்கும். சகரத்தை அடுத்து, ஞகரத்திற்கு முன்பாகவே 'ஜ' புகுந்துவிடும். தமிழ் அடுக்குமுறையைக் கேட்டுப் பெறும் வழி இன்று உண்டு. போசுட்கிரசு தளத்தில் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலேயே அது கிட்டிவிட்டது. கேட்பவர்தாம் அரியர்.

அவ்விளைஞர் விடுபட்ட குறிப்பை அன்றே எழுதிச் சேர்த்தார். அழிந்த தலைப்புகளை மீண்டும் ஏற்ற, நூலகத்தின் பழைய கையெழுத்துப் பதிவேடு கிழியாமல் இருந்தது.