அந்தமான் மலைப்பாதைகள்: சிகரத்தைவிட அதைச் சென்றடையும் சாலையே பெரிய கேள்வி

அந்தமான் நிகோபார் தீவுகளின் நிலவியல் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருமுறை செய்தியானது. செப்டம்பரில் பேரன் தீவின் எரிமலை சீறியது. அதைத் தொடர்ந்து அக்டோபரில், சுமார் இருபது ஆண்டுகள் பெரிதாகப் பொங்காதிருந்த பாராடாங் தீவின் சேற்று எரிமலை வெடித்துச் சேற்றைக் கக்கியது. கடற்கரைகளுக்காகவே பேசப்பட்டு வந்த தீவுக்கூட்டத்தின் மலைகள், குகைகள், காட்டுப்பாதைகள் ஆகியவற்றின் மீதும் இத்தகைய நிகழ்வுகள் பயணிகளின் கவனத்தைத் திருப்புகின்றன. ஆனால் இந்த ஆர்வம் நேராகச் சென்று நிற்பது நெடுங்காலமாகத் தீர்வு காணப்படாத ஒரு சிக்கலின் முன்னால்தான்.

கடலில் மூழ்கிய மலைத்தொடர்

அந்தமான் நிகோபார் தீவுகள் அடிப்படையில் மலைமுகடுகளே. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே சுமத்ராவை நோக்கி நீள்கிறது. அதில் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதிகளையே நாம் தீவுகள் என்கிறோம். இந்தியப் புவித்தட்டு அடுத்த தட்டின் அடியில் செருகும் விளிம்பில் இவை அமைந்திருப்பதால், நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதியாகவும் விளங்குகின்றன. 2004-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்தது. தென்கோடியில் உள்ள இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

பேரன் தீவு, தெற்காசியாவில் உறுதிசெய்யப்பட்ட ஒரே செயல்படும் எரிமலை. 1787-இல் அதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் மீண்டும் விழித்தது. பயணிகள் கப்பலில் இருந்தபடியே அதைக் காண இயலும்; கரையிறங்க அனுமதி இல்லை. நார்கொண்டம் இருவாச்சி என்னும் பறவையின் ஒரே வாழிடமான நார்கொண்டம் தீவும் பொதுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டதன்று.

தலைநகருக்கு அருகில் ஒரு மலை

மலையேற்ற ஆர்வலர்கள் எளிதில் அடையக்கூடியது தெற்கு அந்தமானில் உள்ள மவுண்ட் மணிப்பூர். 2021 அக்டோபர் வரை மவுண்ட் ஹேரியட் என வழங்கப்பட்ட மலை இது. 1891-ஆம் ஆண்டு ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பின், மகாராஜா குலசந்திர சிங்கும் அவரைச் சார்ந்தோரும் நாடுகடத்தப்பட்டு இங்கு வைக்கப்பட்டிருந்தனர். அவர்களின் நினைவாகவே பெயர் மாற்றப்பட்டது. வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரியில் இம்மலையிலிருந்து இறங்கி வந்த மாலையில்தான் அடிவாரத்தின் ஹோப் டவுன் துறையில் ஷேர் அலி அஃப்ரீதியால் கொல்லப்பட்டார்.

தற்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் சாத்தம் துறையிலிருந்து படகில் பேம்பூ பிளாட் சென்று, அங்கிருந்து சாலை வழியே மலையை அடையலாம். பழைய 20 ரூபாய்த் தாளில் இடம்பெற்ற கடற்காட்சி இங்கிருந்து தெரிவதே. மலையுச்சியிலிருந்து மதுபன் வரை காட்டுப்பாதையில் நடந்து செல்வோரும் உண்டு. 46.62 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் இம்மலைக்குச் செல்ல எந்தப் பழங்குடிக் காப்பகத்தையும் கடக்க வேண்டியதில்லை.

உயர்ந்த சிகரம், நீண்ட வழி

வடக்கு அந்தமானின் சாடில் சிகரம் 732 மீட்டர் உயரமுடையது. தீவுக்கூட்டத்தின் உச்சி இதுவே. டிக்லிப்பூரை அடுத்த காலிப்பூர்-லாமியா பே பகுதியில் உள்ள வனச்சாவடியில் அனுமதி பெற்று நடைபயணம் தொடங்குகிறது. ஒருவழித் தொலைவு சுமார் எட்டு கிலோமீட்டர். முதற்பகுதி கடலோரமாகச் செல்கிறது. பின்னர் பசுமைமாறாக் காட்டின் வழியே செங்குத்தாக ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்தே ஏற வேண்டியிருப்பதாலும், காட்டின் ஈரப்பதம் உடலைக் களைப்படையச் செய்வதாலும், உயரம் குறைவென்று எண்ணி வருவோர் திணற நேரிடுகிறது.

இங்கு நேரமும் ஒரு கட்டுப்பாடு. தீவுகள் நாட்டின் கிழக்கே வெகு தொலைவில் இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறது. ஆகவே அதிகாலையில் புறப்பட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுவது இன்றியமையாதது. மழை குறைந்திருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான காலமே நடைக்கு ஏற்றது.

இச்சிகரம் காட்சிக்கு மட்டும் உரியதன்று. வடக்கு அந்தமானின் கல்போங் ஆறு இம்மலையில்தான் பிறக்கிறது. 5.25 மெகாவாட் திறனுள்ள கல்போங் நீர்மின் நிலையம் அதன் நீரை நம்பி இயங்குகிறது. மலைக்கு அருகிலுள்ள காலிப்பூர் கடற்கரை ஆமைகள் முட்டையிடும் இடம். மலைக்காடு சிதைந்தால் ஆறு, மின்சாரம், கரை ஆகிய மூன்றும் பாதிக்கப்படும்.

சாலை எழுப்பும் கேள்வி

தலைநகரிலிருந்து டிக்லிப்பூருக்குச் செல்லும் அந்தமான் பெருவழிச்சாலை, ஜராவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகைகளும் உள்ள பாராடாங்குக்கும் பெரும்பாலோர் இவ்வழியாகவே செல்கின்றனர். ஜிர்காடாங் சாவடியிலிருந்து குறித்த நேரங்களில், காவல் பாதுகாப்புடன் வாகனங்கள் வரிசையாக அனுப்பப்படுகின்றன. இடையில் நிறுத்துவதும் படமெடுப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

ஜராவாக்கள் சில நூறு பேர் மட்டுமே. 1990-களின் இறுதிவரை வெளியாரைத் தவிர்த்து வாழ்ந்தவர்கள். தொடர்பு ஏற்பட்ட சிறிது காலத்திலேயே, 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகின் சாதாரண நோய்களுக்கும் எதிர்ப்பாற்றல் பெற்றிராத சமூகத்துக்கு, கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனமும் ஓர் அபாயமே. காப்பகத்தின் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடவேண்டும் என்ற ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. ஆயினும் சாலை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பயணிகளுக்காக ஜராவா பெண்கள் நடனமாட வைக்கப்பட்ட காணொளி 2012-இல் வெளியாகி நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

சாலையை முற்றிலும் மூடுவது எளிதன்று. நடு, வடக்கு அந்தமானில் வாழும் மக்களின் மருத்துவம், கல்வி, விளைபொருள் விற்பனை அனைத்தும் அதைச் சார்ந்துள்ளன. ஹம்ப்ரே நீரிணையின் குறுக்கே ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் திறக்கப்பட்டபின் அவர்களின் பயணம் எளிதாகியுள்ளது. ஆனால் உள்ளூர்வாசியின் தேவையும் சுற்றுலாப் பயணியின் விருப்பமும் ஒன்றல்ல. பயணிகளைக் கடல்வழிக்கு மாற்றினால், குடியிருப்போருக்கு இடையூறின்றிச் சாலையில் வாகனங்களைக் குறைக்க முடியும். பாராடாங்குக்கும், டிக்லிப்பூரை அடுத்த ஏரியல் பே துறைமுகத்துக்கும் கடல்வழியே செல்ல இயலும். போதிய எண்ணிக்கையில், நம்பத்தக்க கால அட்டவணையுடன் கப்பல்களை இயக்குவதே தேவை.

தெற்கில் வேறொரு சோதனை

கிரேட் நிகோபாரின் 642 மீட்டர் உயரமுள்ள துலியர் மலை, ஷோம்பென் பழங்குடியினர் வாழும் உயிர்க்கோளக் காப்பகத்தில் உள்ளது. அத்தீவில் சரக்குப் பெட்டக மாற்று முனையம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனநிலம் இதற்காக மாற்றப்படுகிறது. நாட்டின் பாதுகாப்புக்கும் கடல் வணிகத்துக்கும் இத்திட்டம் அவசியம் என்கிறது மத்திய அரசு. மழைக்காடும் பழங்குடியினர் வாழ்வும் மீளமுடியாத இழப்பைச் சந்திக்கும் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். எவ்வாறாயினும், சாலைகளும் குடியேற்றமும் வந்தபின் ஒரு காட்டுக்குள் செல்வோரைக் கட்டுப்படுத்துவது எத்துணைக் கடினம் என்பதற்கு, வடக்கே உள்ள பெருவழிச்சாலையின் வரலாறே சான்று.

முடிவெடுக்க வேண்டிய நேரம்

மலையேற்றச் சுற்றுலாவை முறையாக வளர்ப்பதில் நன்மைகள் உண்டு. சிறு குழுக்களாக வருவோர் உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் தங்குமிடங்களுக்கும் வருவாய் தருவர். கடற்கரைத் தீவுகளின் நெரிசலும் ஓரளவு குறையும். அதற்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் ஏறலாம் என்ற வரம்பும், வழிகாட்டிகளுக்கான பயிற்சியும், மழைக்காலத்தில் பாதையை மூடும் ஒழுங்கும் தேவை.

இவற்றுக்கெல்லாம் முன்னர் முடிவாக வேண்டியது, பயணி எவ்வழியே வருகிறார் என்பது. மவுண்ட் மணிப்பூர் போன்ற இடங்களை முன்னிறுத்துவதும், வடக்கே செல்வோருக்குக் கப்பல் வழியை முதன்மையாக்குவதும் உடனே செய்யக்கூடியவை. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்று இறங்கும் பயணிகளும், கடல்வழி உண்டா என்று முகவரிடம் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யலாம். அக்கேள்வி பெருகினால் கப்பல்களும் பெருக வாய்ப்புண்டு.