தெருவிளக்கு எரியலைன்னா யாருகிட்ட சொல்றது? கீரிப்பாறை முதல் நியூயார்க் வரை ஒரே கேள்வி

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கு வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும் என்பதால் வேறு வழியில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை ஒன்றியத்தில், காட்டை ஒட்டி இருக்கும் கீரிப்பாறை போன்ற ஊரில் ஒரு தெருவிளக்கு ஃபியூஸ் போனால் அது சின்ன விஷயம் இல்லை. அந்த இருட்டில்தான் ஆட்கள் வேலைக்கு நடக்க வேண்டும். பன்றியும் யானையும் நடமாடுவதும் அதே இருட்டில்தான்.

லைட் எரியலைன்னா யாருகிட்ட சொல்றது? 2025 ஜனவரி 5 வரை இதற்குப் பதில் ரொம்ப சிம்பிள்: வார்டு மெம்பர். வீடு தெரியும், போன் நம்பர் தெரியும், அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும் என்பதும் தெரியும். அந்தத் தேதியோடு கன்னியாகுமரி உட்பட 28 மாவட்டங்களில் 9,624 கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கீரிப்பாறை இருக்கும் தடிக்காரன்கோணம் ஊராட்சியும் இதில் ஒன்று. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள்.

"அதனால் என்ன? வேலை நடந்தா போதாதா? மெம்பர் மட்டும் என்னத்தைக் கிழிச்சாரு?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். நியாயமான கேள்விதான். ஆனால் இது புதுக் கேள்வி இல்லை. சுமார் 150 வருஷத்துக்கு முன்பு சென்னையிலும் நியூயார்க்கிலும் இதையே கேட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், தடிக்காரன்கோணம் பஞ்சாயத்து ஆபீஸ் ஏன் முக்கியம் என்பது புரியும்.

ஊரெல்லாம் கமிஷனர்கள், ஒருத்தருக்கும் ஓட்டு இல்லை

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது என்பது எல்லா குவிஸ்ஸிலும் வரும் கேள்வி. குவிஸ்ஸில் வராத பகுதி ஒன்று உண்டு. தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய 190 வருஷம், அதை நடத்தியவர்களை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியது கிடையாது. 1867 சட்டம் நகரத்தை 8 டிவிஷனாகப் பிரித்து, டிவிஷனுக்கு 4 பேர் என 32 கமிஷனர்களை வைத்தது. 32 பேரும் அரசு நியமித்தவர்கள்.

அவர்கள் வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ரெட்ஹில்ஸ் ஏரித் தண்ணீர் 1872-ல் நகரத்துக்கு வந்தது இந்த நியமன ஆட்சியில்தான். வீட்டு வரி, தொழில் வரி, வண்டிக்கும் குதிரைக்கும் வரி எல்லாம் ஒழுங்காக வசூலானது. பிரச்சினை வேறு இடத்தில். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தச் சாக்கடை அடுத்த வருஷம், எந்த ரோட்டுக்கு விளக்கு என்பதை வரி கட்டியவர் போய்க் கேட்க ஒரு ஆள் இல்லை. மனு எழுதலாம், பதில் வந்தால் உண்டு.

1878-ல்தான் 32 இடங்களில் 16-ஐ வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. 1884-ல் அது 24 ஆனது. நடுவில் 1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் ஒரு தீர்மானம் வெளியிட்டார். சாக்கடையும் ரோடும் உடனே பிரமாதமாகிவிடும் என்பதற்காக உள்ளாட்சியைத் தேர்தலுக்கு விடச் சொல்லவில்லை, மக்கள் அரசியலைப் பழகுவதற்குத்தான் அது என்பது அதன் சாரம். ஆரம்பத்தில் சொதப்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் பெயரில்தான் சென்னையில் ரிப்பன் பில்டிங் நிற்கிறது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி தேர்தல் வரை, அதே கட்டடத்தில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ரிப்பன் பார்த்திருந்தால் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருப்பார்.

கீரிப்பாறைப் பக்கம் கதை கொஞ்சம் தள்ளி ஓடியது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே 1894-ல்தான் நகர் மேம்பாட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி நாகர்கோவில் போன்ற ஊர்களில் கமிட்டிகள் அமைந்தன. நாகர்கோவில் முனிசிபாலிட்டி ஆனது 1920-ல். மலையடிவாரக் கிராமங்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஓட்டு இருந்தும் திருடினார்களே?

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சென்னையில் 32 பேரும் நியமனமாக இருந்த அதே வருஷங்களில், நியூயார்க்கில் வார்டுக்கு வார்டு தேர்தல் நடந்தது. கவுன்சிலுக்கு வந்த வேலை எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைதான்: நடைபாதை, குதிரைச் சாணம், எரியாத விளக்கு, சந்தைக் கடை லைசென்ஸ், அடைத்த சாக்கடை. ஆனால் ஊழல் தலைவிரித்து ஆடியது. ட்வீட் என்ற அரசியல்வாதியின் கும்பல் ஒரு கோர்ட் கட்டடத்துக்கு மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் கணக்கு எழுதியது. முதலில் ஒதுக்கியது இரண்டரை லட்சம் டாலர்தான். 'அமெரிக்காவில் அப்பட்டமாகத் தோற்றுப்போன ஒன்று உண்டென்றால் அது நகராட்சி நிர்வாகம்தான்' என்ற பொருளில் ஜேம்ஸ் பிரைஸ் 1888-ல் எழுதினார்.

ஆக, தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர் வரலாறு படிக்கவில்லை. நம்மூரிலும் போடாத ரோட்டுக்குப் பில் போட்ட பிரசிடென்ட்களைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது.

ஆனால் ட்வீட் எப்படி மாட்டினார்? அவரது எதிரிகள் கணக்கு அலுவலகப் பேரேட்டிலிருந்து வரிகளைக் காப்பி எடுத்துக் கொடுத்தார்கள். 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று சலிப்பூட்டும் வவுச்சர் வரிகள்தான். அதைப் படித்துத்தான் ஊர் கொதித்தது. ட்வீட் 1878 ஏப்ரலில் சிறையில் செத்தார். சென்னைக்கு முதல் ஓட்டு கிடைத்ததும் அதே 1878-ல்.

இன்னொரு நியூயார்க் உதாரணத்தை அதிகாரிகள் ஆட்சியை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். 1895-ல் ஜார்ஜ் வாரிங் என்ற இன்ஜினியர் தெருச் சுத்தத்துக்குப் பொறுப்பேற்றார். துப்புரவுப் பணியாளர்களுக்கு வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்து, குப்பைக்காடாகக் கிடந்த நகரத்தைப் பளிச்சென்று ஆக்கினார். அவர் நியமிக்கப்பட்ட அதிகாரிதான், கவுன்சிலர் இல்லை. உண்மை. ஆனால் அவரை நியமித்தவர், ஊழல் கும்பலை முந்தைய வருஷத் தேர்தலில் தோற்கடித்து வந்த மேயர். நல்ல அதிகாரி வந்ததே ஒரு தேர்தலால்தான். தனி அலுவலர் விஷயத்தில் நடப்பது தலைகீழ்: முதலில் தேர்தல் போகிறது, அப்புறம் அதிகாரி வருகிறார்.

கீரிப்பாறைக்கு எத்தனை முதலாளிகள்?

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கீரிப்பாறைக்கு மட்டும் ஏன் கூடுதலாக வலிக்கிறது?

இங்கே அரசு என்பது ஒரு ஆபீஸ் இல்லை. 1960-களில் வனத்துறை ரப்பர் நட்டது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு இந்தத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1984-ல் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்தின் கைக்கு வந்தன. கீரிப்பாறை அதன் கோட்டங்களில் ஒன்று. ஆக, சம்பளமும் குவார்ட்டர்ஸும் கழகம். நிலம் வனத்துறை. கரண்ட் மின்வாரியம். தெருவிளக்கு, குடிநீர், சுடுகாடு, சாக்கடை எல்லாம் 1994 ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி. ஒரு பாதையில் விழுந்த குழியை மூட வேண்டும் என்றால், அந்தப் பாதை யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

இத்தனை ஆபீஸில் கீரிப்பாறைக்காரர் தன் ஊருக்கென்று ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் இருந்தது ஒன்றில் மட்டும்தான். ஊராட்சியில். அந்த ஒன்றும் 2025-ல் அதிகாரி கைக்குப் போனது.

வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருக்கும் ஊரில் இது எங்கே போய் முடியும் என்பதற்கும் ஒரு அமெரிக்கப் பாடம் உண்டு. சிகாகோ பக்கத்தில் ரயில் பெட்டி செய்யும் புல்மேன் கம்பெனி 1880-களில் தொழிலாளர்களுக்காக ஒரு ஊரையே கட்டியது. வீடு, பூங்கா, நூலகம் எல்லாம் உண்டு, ரொம்ப அழகான ஊர். 1893 மந்தத்தில் கம்பெனி சம்பளத்தைக் குறைத்தது, வாடகையைக் குறைக்கவில்லை. 1894-ல் நாடே ஸ்தம்பித்த ரயில் ஸ்டிரைக் அதிலிருந்து வெடித்தது. 1898-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ஊரை நடத்துவது கம்பெனியின் வேலை இல்லை, விற்றுவிடுங்கள் என்றது. அரசு ரப்பர் கழகம் தனியார் கம்பெனி இல்லைதான், ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் கொடுப்பவரிடமே தெருக்குறையையும் சொல்ல வேண்டிய நிலை வந்தால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அது எந்த நாட்டிலும் அப்படித்தான்.

தள்ளிப்போட யாருக்கு ஆசை?

அரசியலமைப்பின் 243-இ பிரிவில் குழப்பமே இல்லை. ஐந்து வருஷம்தான் பதவி, அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. ஆனாலும் 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் தேர்தல் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் இடைவெளி. அப்போது ஒரு கட்சி ஆட்சி, 2025-ல் இன்னொரு கட்சி ஆட்சி. காரணம் மட்டும் மாறும்: ஒருமுறை இட ஒதுக்கீட்டு வழக்கு, இன்னொருமுறை வார்டு மறுவரையறை, நகரங்களோடு ஊராட்சிகளை இணைப்பது. எம்.எல்.ஏ. தேர்தலை இப்படி ஆறு மாதம் தள்ளிப்போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

இதில் பண நஷ்டமும் இருக்கிறது. 15-வது நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான் என்று இருந்தது. அந்தப் பணத்தில்தான் குடிநீர், சுகாதார வேலைகள் பெருமளவு நடந்தன. தேர்தல் வைக்காத மாநிலத்தின் முடிவுக்கு விலை கொடுப்பது கடைசியில் குழாயடியில் நிற்பவர்.

தனி அலுவலரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் மட்டத்தில் இருப்பவர் தன் வழக்கமான வேலைக்கு மேல் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறார். அவருக்கு பைல் வரும். கீரிப்பாறை வளைவில் மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியாதது வராது. நாளைக்கு அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால், சொன்ன குறையும் அவரோடு போய்விடும்.

ஆனால் மெம்பர் இல்லாவிட்டாலும் நிற்காத ஒன்று இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். நாகர்கோவிலிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் ஓட்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். இந்த ஆறில் நான்காவது அரசு விடுமுறை நாள், லீவு கூடப் போட வேண்டாம். அங்கே வரவு செலவு வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது மொத்தத் தொகையோடு விடாமல் பல்பு எத்தனை வாங்கினீர்கள், எந்தத் தெருவில் மாட்டினீர்கள், பில் எங்கே என்று கேட்கலாம். வாயால் சொல்லிவிட்டு வருவதைவிட, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. பின்னாடி நகல் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும்.