பழைய மகிழுந்து கற்பிக்கும் பாடங்கள்



பழமையான மகிழுந்து வைத்திருப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. 1985 சூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த நம்மவர் பலருக்கு அதுவே முதல் மகிழுந்து. 2009ஆம் ஆண்டில், பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியை அழிக்கக் கொடுத்து உள்நாட்டுப் புது வண்டி வாங்குவோருக்கு அரசு 5,000 ரிங்கிட் கழிவு அறிவித்தது. எஞ்சியிருக்கும் பழைய சாகாக்களைக் காப்பது நற்செயலே. ஆனால், அதற்கு ஆசை மட்டும் போதாது.

பத்துமலையில் வசிக்கும் நான் அத்தகைய சாகா ஒன்றை வாங்கிப் பராமரித்து வருகிறேன். அதன்வழி கற்றவற்றை இங்கே தொகுத்துள்ளேன்.

முதலாவது, இயந்திரத்தைவிட உடலை ஆராயுங்கள். சாகாவின் இயந்திரம் மிட்சுபிசியின் வடிவமைப்பு; அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இன்றும் உள்ளனர். துருப்பிடித்த தகட்டைச் சரிசெய்வதோ பெருஞ்செலவு. நம் நாட்டு மழையும் ஈரமும் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியையும் கதவுகளின் அடிப்பகுதியையும் தடவிப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். பூச்சுப் பசையால் ஓட்டையை மறைத்த இடத்தில் அது ஒட்டாது.

இரண்டாவது, அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவு ஆவணத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் பெயர் மாற்றம் செய்ய இயலாது. வண்டி எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுங்கள்.

மூன்றாவது, வாங்கும் விலை தொடக்கம் மட்டுமே. மிகப் பழைய வண்டிகளுக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. சேமிப்பிலிருந்தே செலவிட வேண்டும். ஆகவே, கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். டைமிங் பெல்ட், நிறுத்துவிசைக் குழாய்கள், டயர்கள் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1208 என்றிருந்தால் அது 2008ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் அத்தகைய டயரை நம்பலாகாது.

நான்காவதே தலையாயது. அக்காலச் சாகாவில் காற்றுப்பை கிடையாது. நெடுஞ்சாலை வழியே பிள்ளைகளை நாள்தோறும் ஏற்றிச்செல்ல அது உகந்ததன்று என்பதே என் உறுதியான கருத்து. குடும்பத்திற்கு இருப்பது ஒரே வண்டிதான் என்றால், அது பழமையான வண்டியாக இருத்தல் வேண்டா. பழம்பெருமைக்காகப் பிள்ளைகளின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாமா?

சாகா என்பது நாம் மஞ்சாடி என்றழைக்கும் சிவப்பு விதையின் மலாய்ப் பெயர். அவ்விதையைக் கொண்டே நம் பொற்கொல்லர்கள் பொன்னை எடைபோட்டனர். அப்பெயர் தாங்கிய வண்டியை வாங்க நினைப்போர், பணப்பையைத் திறக்குமுன் தம் ஆசையையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பது நலம்.