எல்லை தாலுகா அலுவலகத்திலேயே தொடங்குகிறது

ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். எல்லை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே, விமான நிலையத்தில் ஒரு திருநங்கையோ திருநம்பியோ தடுத்து நிறுத்தப்படும்போது, யாருக்கோ வந்த சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் காலனிகளிலும் அவர்கள் பிறக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஒரு படம், ஒரு பாலினம். எதிரே நிற்பவரின் தோற்றம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. உடல் சோதனைக்கு ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரை போட்ட இடம். இவர் எங்கே நிற்பது? பலர் பார்க்க, அதை வேறொருவர் முடிவு செய்கிறார்.

ஆவணம் சரியாக இருந்தாலும் நிம்மதி இல்லை. நம் நாட்டு பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மூன்றாவது பாலினக் கட்டம் உண்டு. விசா படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டே கட்டங்கள் வைத்திருக்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்கா 2022இல் தன் குடிமக்களுக்கு ‘எக்ஸ்’ என்ற குறியீட்டுடன் பாஸ்போர்ட் தரத் தொடங்கியது. 2025 ஜனவரியில், அதிபர் ட்ரம்ப் பதவியேற்ற நாளிலேயே அதற்கு எதிராக உத்தரவு போட்டார். கிடைத்த உரிமை ஒரே கையெழுத்தில் பறிபோகும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் முன்னாலேயே, தாலுகா அலுவலகத்திலேயே தொடங்கிவிடுகிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஒன்றில் பழைய பெயர், இன்னொன்றில் புதிய பெயர் என்றால் இரண்டுமே சிக்கல்தான். சாதிச் சான்றிதழுக்குப் பெற்றோரின் சான்றிதழைக் கேட்பார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை யாரிடம் போய் அதைக் கேட்கும்? சாதியால் ஒரு பூட்டு, பாலினத்தால் இன்னொரு பூட்டு.

தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதி செய்தது. 2019இல் சட்டம் வந்தது. 2020இல் வந்த விதிகள், ஆட்சியர் 30 நாளில் சான்றிதழ் தர வேண்டும், அதைக் கொண்டு மற்ற ஆவணங்களை 15 நாளில் திருத்தித் தர வேண்டும் என்று கெடு வைத்தன. கெடு காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது.

நாம் கேட்பது இதுதான்: ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் சிறப்பு முகாம் நடத்தி, பாலினச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தில் யார் சோதிக்க வேண்டும் என்பதைச் சோதிக்கப்படுபவரிடமே கேட்க வேண்டும்.

மாணவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் ஒரு திருநங்கை விண்ணப்பத்தோடு அலைந்தால், இ-சேவை மையத்துக்குத் துணையாகப் போங்கள். கூட ஒருவர் நின்றால், ‘நாளைக்கு வா’ என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள்.